நடைக்குதிரையின் பின்னங்கால் கயிறு

குதிரை கட்டியிருக்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடிக்குங்களா?" என்பதுதான். அடுத்தது, "நாளைக்கு எத்தனை படி கொள்ளு திங்குமுங்க?" மூன்றாவது கேள்வி எங்கள் குதிரைக்கென்றே அமைந்தது. அது இரண்டு வேலிக்கு நடுவே போகிற இட்டேரியில் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்து, எழவு வீட்டில் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள்: "ஏனுங்க, அதுக்குக் காலுல ஏதாச்சும் ஊனமுங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊனம் உங்கள் கண்ணில் என்று சொல்ல நாக்குத் துடிக்கும். ஆனால் ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்திருக்கும்போது மருமகள் குரல் வெளியே கேட்கக் கூடாது. அதனால் அடுப்படியில் நின்றபடி கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைப்பேன். வெளியே என் வீட்டுக்காரர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், பாதிக்குப் பாதி தப்பாக. சரியான பதில்கள் எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வருஷம் முழுக்க அடுப்படி ஜன்னலில் எனக்கு வாய்த்த காட்சி அந்த ஒரு குதிரைதான். மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்?

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. கருமத்தம்பட்டிக்கு வடக்கே எங்கள் தோட்டம், தோட்டத்துக்கு நடுவே வீடு. என்னைப் பதினாறு வயதில் ஆனைமலையிலிருந்து இங்கே கட்டிக் கொடுத்தார்கள். வண்டி கட்டினால் இரண்டு நாள் பயணம். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். அந்த இரண்டாம் தடவை நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பல்லடம் தாண்டி ஓரிடத்தில் வண்டிச் சக்கரம் குழியில் இறங்கி ஏறியது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "வண்டி குலுக்குனதுதான்" என்றாள். அவள் சொன்னது இரண்டு வார்த்தை. என் மாமனார் அதைச் சட்டமாக்கிவிட்டார். பிள்ளையைப் பெற்றுக் கையில் எடுக்கிற வரைக்கும் நான் வண்டி ஏறக் கூடாது.

மாமனார் அதட்டுகிற மனுஷர் அல்ல. அதட்டினால் நாமும் முறைத்துக்கொள்ளலாம். அவர், "வேண்டாங் கண்ணு, உன்ற ஒடம்புக்காவத்தான சொல்றேன் சாமி" என்பார். அந்தக் குரலை எதிர்த்து எந்த வாயால் என்ன பேச? வண்டி இல்லை என்றால் எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் போக்கிடம் இல்லை. பஸ் வந்திருந்தது, அதுவும் குலுக்கும். நடந்து போனால் வீட்டு மானம் போய்விடும். என் அம்மா தாலி இழந்தவள், சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கக் கூசுவாள். தம்பி மட்டும் ஆடிக்கும் தீபாவளிக்கும் சீர்த் தட்டோடு வந்து, மோர் குடித்துவிட்டு, பொழுதோடு திரும்பிவிடுவான். இப்படியே இரண்டு வருஷம் நான் அம்மா முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

குதிரை வந்தது என் வீட்டுக்காரரின் இடுப்புக்காக. கிணற்று மேட்டிலிருந்து சறுக்கி விழுந்ததில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வண்டியில் உட்கார்ந்தால் உயிர் போகிறது என்றார். சாதாரணக் குதிரை ஓடினால் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும், அதுவும் ஆகாது. அப்போது யாரோ சொன்னார்கள், நடைக்குதிரை என்று ஒரு சாதி இருக்கிறது, மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்கு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று. ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார். பத்து நாள் கழித்துக் கோயமுத்தூர்க் கோட்டைமேட்டு ராவுத்தர் ஒருவர் குதிரையோடு வந்து இறங்கினார். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அவர்களுக்குக் குதிரை வியாபாரம்.

பொட்டைக் குதிரை. கத்தியவார்ச் சாதி, செம்மண் நிறம். காது இரண்டும் மேலே வளைந்து போய் நுனியோடு நுனி தொட்டுக்கொள்ளும். மாமனார் முதலில் சுழி பார்த்தார். மாடு வாங்கினாலும் குதிரை வாங்கினாலும் பெண் எடுத்தாலும் எங்கள் பக்கம் முதலில் சுழிதான். நெற்றி, கழுத்து, வயிறு என்று தடவிப் பார்த்து, "சுழி சுத்தம்" என்றார். என்னைப் பெண் பார்த்தபோதும் அதையேதான் சொன்னாராம்.

பிறகு ராவுத்தர், "ஒரு சொம்பு பால் வேணுமுங்க. விளிம்பு தட்ட ஊத்திக் குடுங்க" என்றார். அத்தை, அதாவது என் மாமியார், கொடுத்த பால் சொம்பை வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இடது கையில் கடிவாளம் பிடித்து, இட்டேரியின் கடைசி வரைக்கும் விரட்டிப் போய்த் திரும்பி வந்தார். நல்ல வேகம், கூட ஓடினால் ஆள் பிந்திப் போவான். குதிரையின் முதுகு மட்டும் அசையவே இல்லை. குளம்புச் சத்தம் நாலும் தனித்தனியாக, ஒரே சீராக விழுந்தது. ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி இடிக்கிற மாதிரி. இறங்கிச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"இது பழக்கிக் குடுத்த நடைங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பழக்குனா வராதுங்க. குட்டியிலயே ரத்தத்துல இருக்கோணும். வடக்கே இந்த நடைக்கு ரேவால்னு பேரு. நாம கெடுக்காம இருந்தாப் போதும்."

"எப்படிக் கெடுமுங்க?"

"வண்டியில பூட்டுனாக் கெட்டுப் போகும். பாரம் இழுக்கறதுக்காவத் துள்ளி ஓட ஆரம்பிக்கும். அப்புறம் மேல ஆள் ஏறுனாலும் அந்தத் துள்ளல்தான் வரும். கவுண்டரே, என்னைக்கும் இதை வண்டியில பூட்டிப்போடாதீங்க."

மாமனார் சிரித்தார். "பூட்டாம நிறுத்தி வெச்சுத் தீனி போடறதுக்கு இதென்ன கோயில் குதிரைங்களா?"

அத்தை உள்ளே வந்து, ராவுத்தர் தொட்ட சொம்பைப் புளி போட்டு மூன்று தரம் விளக்கினார். அத்தனை பேர் பார்த்த அதிசயத்தில் அவர் பார்த்தது அதைத்தான். என் நெஞ்சில் ஒன்றே ஒன்று நின்றுகொண்டது. சொம்புப் பால் சிந்தவில்லை என்றால், வயிற்றுப் பிள்ளையும் சிந்தாது. இந்தக் குதிரை மேல் உட்கார்ந்து நான் என் அம்மாவிடம் போகலாம்.

நடையால் வந்த பேர், நடைக்காரி. கடிக்குமா என்றால், மடக்குக் கத்தி வைத்திருக்கிறவர் எல்லாம் குத்துகிறார்களா என்ன? கழுத்தை நீவிவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளும். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும். அது பழமொழிக் குதிரை, நடைக்காரி இரண்டுக்கும் வாயைத் திறப்பாள். மேட்டில் எப்படி என்று கேட்பார்கள். மேட்டிலும் அதே நடைதான். புதிதாக ஏறுகிறவன் விழுவானா என்றால், வேண்டுமென்று குதித்தால்தான் விழுவான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை, ஏறிப் பார்த்திருக்கிறேன். ஆவணியில் ஒரு நாள் மாமனாரும் அத்தையும் சோமனூரில் ஒரு எழவுக்குப் போயிருந்தார்கள். பண்ணையத்து ஆட்கள் எல்லாம் தூரத்துக் காட்டில். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "ஏறிப் பாக்கறயா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அட போங்க" என்று சொல்லிக்கொண்டே போய் நின்றுவிட்டேன். ஒரு கல் மேல் ஏற்றி, ஒருபக்கமாக உட்கார வைத்து, அவரே பிடித்துக்கொண்டு மாட்டுப்பட்டியை நாலு சுற்றுச் சுற்றினார். நான் ஒரு சொம்புத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டுதான் ஏறினேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பயமா இருக்குதா?" என்றார். பயமா! வேலிக்கு மேல் என் தலை இருந்தது. அந்தப் பக்கத்துச் சோளக்காடு, அதற்கப்பால் ரோடு, ரோட்டில் ஒரு பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போவது எல்லாம் தெரிந்தது. இறங்கும்போது பார்த்தேன், மடி நனையவில்லை. அந்த ஒரு மத்தியானம் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

புரட்டாசியில் எனக்கு நாள் தள்ளிப் போனது. அத்தைக்குச் சந்தோஷம். சந்தோஷத்தின் கூடவே இன்னொரு சட்டமும் வந்தது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசலுக்குப் போக ஆசாரம் என்கிற முன்கூடத்தைக் கடக்க வேண்டும். அங்கே எந்நேரமும் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள்; அது மருமகள் நடக்கிற வழி இல்லை. இன்னொன்று, அடுப்படியிலிருந்து பொடக்காலிக்கு இறங்குகிற பின்வாசல். பொடக்காலியில் குளிக்கிற மறைவு, துவைகல், அதற்கப்பால் ஒரு படல். படலைத் திறந்தால் இட்டேரி, கிணறு, காடு, மற்ற உலகம் எல்லாம். நடைக்காரியின் கட்டுத்தரை அந்தப் பின்வாசலுக்கும் படலுக்கும் நடுவே வேப்பமரத்தடியில் இருந்தது. குதிரையை மாட்டைப் போல ஒரே கயிற்றில் கட்டிவிட முடியாது. தலைக்கு ஒரு கயிறு. உதைக்காமல் இருக்கப் பின்னங்காலுக்கு ஒரு கயிறு. அது நீளமாகப் போய் ஒரு முளைக்குச்சியில் முடியும். எங்கள் பொடக்காலியில் அது மரத்தடியிலிருந்து வேலி வரைக்கும், பாதைக்குக் குறுக்கே கிடந்தது.

"வயித்துல புள்ளை இருக்கறவ குதிரைக் கயித்தைத் தாண்டக் கூடாது கண்ணு" என்றார் அத்தை. குதிரை பன்னிரண்டு மாதம் சுமக்கிற ஜீவன். அதன் கயிற்றைத் தாண்டினால் அந்தச் சுமை நமக்கு வந்து சேரும். பத்து மாதம் போனாலும் வலி எடுக்காது, பிள்ளை உள்ளேயே முற்றிப் போகும். தாண்டவும் கூடாது, கயிற்றைக் கையால் தொடவும் கூடாது. விடியலிலும் அந்தியிலும் அத்தை கூட வந்து, கயிற்றை அவிழ்த்து ஓரமாக இழுத்துப் பிடித்துக்கொள்வார். நான் போய்விட்டு வந்ததும் மறுபடி கட்டிவிடுவார். மற்ற நேரத்தில் துவைகல் வரைக்கும் போக வேண்டும் என்றாலும் ஒருவரைக் கூப்பிட்டு நிற்க வேண்டும். "சித்தெ இரு கண்ணு, வாரேன்" என்பார்கள். அந்தச் சித்தெ எத்தனையோ நாள் பொழுது சாய்கிற வரைக்கும் நீண்டது.

கட்டுத்தரையை மாற்றிக் கட்டலாமே என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அப்பாவிடம் சொன்னார். "கட்டுத்தரை மாத்துனா உருப்படி எளைச்சுப் போகும்" என்று பதில் வந்தது. பகலில் குதிரையை ஓட்டிக்கொண்டு போனபின் வெறும் கயிறு மட்டும் கிடக்கும். அப்போதாவது போகலாமா என்றால், குதிரை இல்லாத கயிறும் குதிரைக் கயிறுதான் என்றார் அத்தை. நியாயம் பேச இடமே இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நானும் அதை நம்பினேன். இரண்டு பிள்ளையைத் தோற்றவளுக்கு நம்பாமல் இருக்கத் துணிச்சல் எங்கிருந்து வரும்? பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஐந்து எட்டுத் தள்ளிக் கிடக்கிற அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அம்மாவிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நான் நினைத்த குதிரையே வழியை மறித்துக்கொண்டு நின்றது. நடைக்காரி தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பாள். அவளையும் இரண்டு பக்கமும் கட்டித்தான் வைத்திருந்தார்கள்.

மாசியில், எனக்கு ஆறாம் மாதம், சீர் ஏதும் இல்லாமல் தம்பி வந்தான்.

"அம்மாவுக்கு முடியலீங்க மாமா" என்று மாமனாரிடம் சொன்னான். "ஒரு மாசமாப் படுத்த படுக்கை. அக்காளை ஒருக்காப் பாத்துப்போடோணும்னு பொலம்பிட்டே இருக்கறாங்க."

"அடப் பாவமே" என்றார் மாமனார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "ஆனாக் கண்ணு, இவளை எப்படி வண்டியேத்தறது? போன தடவை பட்டது போதாதா?"

நான் ஆசாரத்துக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஆறு மாதமாக மனதுக்குள் போட்டு வைத்த வழி அது. ஒப்பிப்பதைப் போலச் சொன்னேன். "வண்டி வேண்டாமுங்க மாமா. நடைக்காரி மேல உக்காந்து சோமனூர் டேசனுக்குப் போயிக்கறனுங்க. இவீங்க புடிச்சுட்டு வரட்டும். அங்கிருந்து ரயிலு. போத்தனூர்ல மாறி பொள்ளாச்சி. பொள்ளாச்சியிலிருந்து எஸ்டேட்டு ஆளுங்க தூக்கற டோலிக்குத் தம்பி சொல்லி வெப்பான். எங்கயும் குலுங்காதுங்க."

ஆசாரத்தில் யாரோ சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை. "ரோசனை நல்லாத்தான் இருக்குது. குதிரை குலுக்காதுன்னு உனக்கு எப்படிக் கண்ணு தெரியும்?"

"ஏறிப் பாத்திருக்கறனுங்க."

கதவு இடுக்கில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நீங்களே சொல்லுங்க" என்றேன். நாலு சுற்று, மடியில் சொம்பு, நனையாத புடவை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தன் கால் கட்டை விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நகத்தில் அப்படி என்னதான் இருந்ததோ, அப்பா எழுந்து போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்றார் மாமனார். தம்பி மோர் குடித்துவிட்டுப் போனான்.

நாலாம் நாள் காலையில் வண்டி செய்கிற ஆசாரி வந்தான். பழைய சவாரி வண்டியின் நுகத்தைக் கழற்றி, ஒற்றைக் குதிரைக்குத் தோதாக இரண்டு கட்டை வைத்துக் கொடுத்தான். அன்றைக்கு மத்தியானம் நடைக்காரியை அதில் பூட்டினார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் மெல்ல, "அப்பா, ராவுத்தர் பூட்டக் கூடாதுன்னாரே" என்றார்.

"ராவுத்தரா தீனி போடறாரு? ஆறேழு மாசமாச் சும்மா நின்னு திங்குது. ஒழைக்காத உருப்படி பண்ணையத்துக்கு ஆவாது. பருத்திச் சந்தைக்குப் போயிட்டு வரட்டும்."

ஏறிப் பார்த்திருக்கிறேன் என்று நான் சொன்னதற்காகத்தான் அதைப் பூட்டினாரா, அல்லது நிற்கிற உருப்படியைப் பார்த்தால் பொறுக்காத குடியானவப் புத்தியா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாட்டையும் ஆட்களையும் மருமகளையும் சும்மா இருக்க விட்டவர் இல்லை அவர். இரண்டும் கலந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

திருப்பூருக்குப் போகும், வரும். முதல் வாரம் நடைக்காரி வண்டியிலும் தன் நடையை விடவில்லை. அந்தியில் இட்டேரி திரும்பும்போதே நாலு சத்தம் சீராகக் கேட்கும். "விட்டுராதடி" என்று அடுப்படியிலிருந்து சொல்லிக்கொள்வேன். பஞ்சு மூட்டையும் ஏற்றினார்கள். இரண்டாம் வாரம் சத்தம் நாலும் மூன்றுமாகக் குழம்பியது. பங்குனி பிறக்கும்போது இரண்டே சத்தம்தான். தட், தட், தட், தட். எந்த வண்டிக் குதிரையும் போடுகிற சத்தம்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் சேணம் போட்டு ஏறிப் போனார். அரை மைலில் திரும்பி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். நல்லா வலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தேய்த்தேன். அவர் முனகியபடி, "நான் சொல்லீருக்கோணும்" என்றார். சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில் நகத்தைப் பார்த்தவருக்கு, எண்ணெய் தேய்க்கிற நேரத்தில் என்ன பதில் சொல்வது?

மாமனார் அடுப்படி வாசல் வரைக்கும் வந்தார். "பாத்தியா கண்ணு, இப்ப இதும் வண்டியாட்டந்தான் குலுக்குது. நல்ல வேளை, உன்னைய ஏத்தாம இருந்தம்" என்றார். குரலில் அத்தனை அக்கறை.

இன்னொரு வழி பாக்கி இருந்தது. எங்கள் பக்கம் பிள்ளைத்தாச்சிக்கு அம்மா வீட்டார் கட்டுச்சோறு கொண்டு வருவார்கள். ஏழு விதச் சோறு கட்டி வந்து, ஊருக்குப் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதைத் தடுக்க எந்த மாமனாராலும் முடியாது. ஆனால் கட்டுச்சோறு கட்ட வேண்டிய கை படுக்கையில் கிடந்தது. ஏழாம் மாதம் யாரும் வரவில்லை. ஒன்பதில் பார்க்கலாம் என்றார் அத்தை.

சித்திரையில் எழவு சொல்ல ஆள் வந்தது. எனக்கு எட்டாம் மாதம். அம்மா முதல் நாள் காலையில் போய்விட்டாளாம். கடைசி வரைக்கும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால், "வந்துட்டாளா?" என்று கேட்டாளாம். வந்தவன் அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். பிள்ளைத்தாச்சி எழவு வீட்டுக்குப் போகக் கூடாது. அது எல்லா ஊருக்கும் உள்ள வழக்கம், அதில் நான் பேச ஒன்றும் இல்லை. வாய்விட்டு அழவும் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று அத்தை என் வாயைத் தன் முந்தானையால் பொத்தினார். அவர் கண்ணிலும் தண்ணீர்தான். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கயிறு கிடந்தது. சோமனூர் டேசன் மூன்று மைல். அன்றைக்கும் நான் தாண்டவில்லை.

ஒழுங்காக எல்லாவற்றையும் அனுசரித்தேன். கயிற்றைத் தாண்டவில்லை, தொடவில்லை, சத்தமாக அழவில்லை. வைகாசி முடிந்தது. ஆனி பிறந்து பத்து நாள் ஆகியும் வலி எடுக்கவில்லை. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாள் தாண்டிவிட்டது என்றாள். அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் மெல்லக் கேட்டார்.

"எப்பக் கண்ணு கயித்தைத் தாண்டுன?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. "தாண்டலீங்க அத்தை."

"பொய் சொன்னாப் புள்ளைக்கு ஆவாது சாமி. உங்கம்மா போன அன்னைக்கு மனசு கேக்காமத் தாண்டியிருப்ப. நான் வைய மாட்டேன். சொல்லீரு."

குதிரை கீழே தள்ளியதும் போதாதென்று குழியும் பறித்ததாம். மாமனாரும் அதையே கேட்டார். ஊரில் மூன்று வீட்டுப் பெண்கள் வந்து கேட்டார்கள். இவர்களையாவது விடலாம். அன்றைக்கு மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்து, "தாண்டுனன்னு ஒரு வார்த்தை ஒத்துக்க. பரிகாரம் பண்ணிப்போடலாம். என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். அம்மா செத்த சேதி வந்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

பரிகாரம் இதுதான். தாண்டினவள் தன் மடியில் கொள்ளு வைத்து, அதே குதிரைக்குக் கொடுக்க வேண்டும். அது தின்றால் சுமை இறங்கும். நான் ஒத்துக்கொள்ளாமலேயே ஏற்பாடு நடந்தது. மறுநாள் வெயில் ஏறும் முன்னால், ஊறவைத்த கொள்ளை என் முந்தானையில் கொட்டி, வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் குதிரையின் தலை.

அதற்கு அடுத்த நாள் விடியலில் எனக்குப் பெண் பிறந்தாள். கொள்ளு வேலை செய்துவிட்டது என்று அத்தை ஊரெல்லாம் சொன்னார். ஆடியில் ராவுத்தர் வந்து நடைக்காரியைத் திரும்ப விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். நாலு எட்டு நடத்திப் பார்த்துவிட்டு, யாரையும் ஒன்றும் கேட்காமல் அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கொள்ளுக்கும் பிரசவத்துக்கும் நடுவே நடந்ததை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் வெளியே சொன்னதில்லை.

நடைக்காரி மடியில் மூக்கை வைத்துத் தின்றாள். அவள் மூச்சுச் சூடாக என் வயிற்றில் பட்டது. உள்ளே பிள்ளை புரண்டது. வண்டி வார் பட்டுத் தோளில் முடி உதிர்ந்து தோல் காய்த்துப் போயிருந்தது. அதைத் தடவிக் கொடுத்தேன். கடைசிக் கொள்ளு வரைக்கும் தின்றுவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"இப்பவாச்சும் சொல்லு கண்ணு" என்றார் அத்தை. "எப்பத் தாண்டுன?"

மாமனார் பின்வாசல் நிலையில் நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில், தலை குனிந்தபடி. நான் முந்தானையை உதறினேன்.

"தாண்டியிருந்தா எங்கம்மா மொகத்தைப் பாத்திருப்பனுங்க அத்தை" என்றேன்.

நான் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்று பேரும் பார்க்கப் பார்க்கத் தாண்டினேன். "ஐயோ கண்ணு" என்று அத்தை கத்தியபோது நான் அந்தப் பக்கம் இருந்தேன். வலது கால், அப்புறம் இடது கால். கயிறு என் கணுக்கால் உயரம்கூட இல்லை.

படலைத் திறந்துகொண்டு போய் இட்டேரியில் நின்றேன். பின்னால் யாரும் வரவில்லை. என் அம்மா செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கே நின்றுதான் நான் அவளுக்காகச் சத்தம் போட்டு அழுதேன்.